மிக்ஸ்சரும் மாத்திரையும்

2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் இரவு. சாப்பாடெல்லாம் முடிந்து பாத்திரம் கழுவப் போன என் மனைவி வெகு நேரமாகியும் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். ஒரு சின்ன மருந்துப் பாட்டிலை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அது?"

"பாப்பாவோட இருமல் மருந்துங்க. இவ்வளவு பொடி எழுத்திலே போட்டா மனுஷங்க எப்படிப் படிக்கிறது?"

பாட்டிலில் கால் பங்குதான் பாக்கி இருந்தது. முக்கால் பங்கு எங்கள் ஆறு வயதுப் பெண்ணின் வயிற்றுக்குள் போய், இருமலும் போய், மாதம் மூன்று ஆகிவிட்டது. ஆனாலும் அவள் அதைத் தொட்டியில் கவிழ்த்தாள். சிவப்பாக ஓடிற்று. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சிவப்பு மறைகிற வரையில் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த வாரம் எத்தனையோ வீடுகளில் இது நடந்திருக்கும். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா என்னும் ஜில்லாவில், இருமல் சிரப் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்று போயிற்று. இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டுபோனார்கள். அந்த சிரப் தயாரான இடம் நம் காஞ்சிபுரம் ஜில்லா. நான் குடியிருக்கும் தாம்பரத்திலிருந்து ஒரு பஸ் பிரயாணத் தூரம். சென்னைச் சோதனைச் சாலையில் சோதித்துப் பார்த்தபோது, அதில் டை எதிலீன் கிளைகால் என்ற விஷ திரவம் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்ததாகத் தெரியவந்தது. எங்கள் வீட்டுப் பாட்டில் வேறு கம்பெனியுடையது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இருந்தாலும் அதைக் கவிழ்த்த கையை என்னால் தடுக்க முடியவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். விஞ்ஞானம் படித்தது பிளஸ் டூ வரையில்தான். ஆனாலும் ஒரு கேள்வி மனத்தைக் குடைந்துகொண்டே இருந்தது. இருமலை அடக்குகிற சரக்கு ஒரு பொடி. ஒரு சிட்டிகைகூட இராது. அதைக் குடிக்கும்படி ஆக்குவதற்காகச் சேர்த்த தண்ணீரிலும் தித்திப்பிலும்தானே எமன் வந்து உட்கார்ந்துகொண்டான்? நோயைத் தீர்க்கிற சரக்கைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சரக்கு பொடியாக, உருண்டையாக, நீராக, ஊசியாக உருவம் எடுத்து நம் உடம்புக்குள் புகுகிற கதையை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் 'மாத்திரை' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய்யெழுத்து அரை. மாத்திரை என்றால் அளவு. அவ்வளவுதான் அர்த்தம். உருண்டை என்றோ வில்லை என்றோ நம் முன்னோர்கள் பெயர் வைத்திருக்கலாம். வடிவத்தை விட்டுவிட்டு அளவைப் பிடித்துக்கொண்டார்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் நிற்பது அந்த அளவு ஒன்றுதான் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் இட்ட பெயர் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் அளப்பது யார்? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில் இருந்திருக்கிறது.

என் சிறு பிராயத்தில், 1980-களில், திருநெல்வேலிச் சீமையில் எங்கள் ஊருக்கு அந்தப் பதில் கம்பவுண்டர்தான். டாக்டர் நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுப்பார். அதை ஒரு சிறு ஜன்னலுக்குள் நீட்ட வேண்டும். உள்ளே அரை இருட்டு. பெரிய பெரிய கண்ணாடி ஜாடிகள். சிவப்பு, மஞ்சள், பழுப்பு. "பாட்டில் கொண்டாந்திருக்கியா?" என்று ஒரு குரல் கேட்கும். கொண்டு போகாவிட்டால் திரும்பி நடக்க வேண்டியதுதான். கம்பவுண்டர் அளவுக் குவளையைத் தம் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவார். துப்பாக்கி குறி பார்ப்பது போல இருக்கும். பிறகு ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையை மடித்து, ஓரத்தில் கத்தரிக்கோலால் ஆறு வெட்டு வெட்டிப் பாட்டிலில் ஒட்டுவார். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் உள்ளது ஒரு வேளை.

"எம்மா, நல்லாக் குலுக்கிக் குடுக்கணும். குலுக்காமக் குடுத்தா தண்ணிதான் உள்ளே போகும், மருந்து அடியிலே நிக்கும்."

என் ஆச்சி இந்த உபதேசத்தை ஆயுள் முழுவதும் கடைப்பிடித்தாள். மிக்ஸ்சரைக் குலுக்கியது போக, கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தையும் குலுக்குவாள்.

'குலுக்கிக் கொடு' என்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிட வேண்டாம். மருந்து கலக்கும் கலையில் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பழைய எச்சரிக்கை ஒன்று உண்டு. முன்பெல்லாம் பலத்துக்கு என்று எட்டிக் கொட்டைச் சத்தான ஸ்ட்ரிக்னைனை மிகச் சொற்பமாக மிக்ஸ்சரில் சேர்ப்பார்கள். அதோடு புரோமைடு உப்பு சேர்ந்துவிட்டால் ஸ்ட்ரிக்னைன் நீரில் நிற்காமல் நுண்ணிய படிகமாகி அடியில் போய்த் தங்கும். நோயாளி நாள்தோறும் மேல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வருவார். கடைசி வேளையில் மொத்த விஷமும் ஒரே மடக்கில் உள்ளே போகும். முதல் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்தில் டார்க்கீ என்னும் ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்த ஒரு பெண்மணி இதைத் தெரிந்துகொண்டு, அதையே வைத்து ஒரு கொலைக் கதை பின்னினார். 1920-இல் வெளிவந்த அந்த முதல் நாவல்தான் அகதா கிறிஸ்டியையும் ஹெர்க்யூல் பொய்ரோவையும் உலகத்துக்குக் கொண்டுவந்தது. இன்னும் அந்த நாவலைப் படிக்காதவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். குட்டை உடைத்துவிட்டேன்.

கம்பவுண்டர் ஆறாகப் பிரித்துக் கொடுத்ததை வீட்டில் அளக்கும் கருவி எது? கரண்டி. பழைய இங்கிலீஷ் கணக்கில் அறுபது மினிம் சேர்ந்தது ஒரு டிராம், அதுவே ஒரு டீ ஸ்பூன். எட்டு டிராம் ஒரு அவுன்ஸ். இப்போதைய கணக்கில் டீ ஸ்பூன் ஐந்து மில்லி. ஆனால் எந்த வீட்டு ஸ்பூன் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படும்? எங்கள் வீட்டிலேயே கல்யாணச் சீராக வந்தது ஒன்று, ஹார்லிக்ஸோடு இனாமாக வந்தது ஒன்று, யார் வீட்டிலிருந்து வந்தது என்றே தெரியாதது ஒன்று என்று மூன்று அளவு உண்டு. பாட்டில் மூடியில் கோடு போட்டுக் கொடுக்கிறானே, அதை வெறும் மூடி என்று எண்ணித் தூர எறிந்துவிட்டு சர்க்கரை டப்பாவிலிருந்து ஸ்பூன் எடுக்கிற வீடுகள் இன்னும் எத்தனையோ.

நம் சித்த வைத்தியர்கள் இந்த விஷயத்தில் மகா கெட்டிக்காரர்கள். மருந்தின் உருவங்களை அகத்துக்கு முப்பத்திரண்டு, புறத்துக்கு முப்பத்திரண்டு என்று அறுபத்து நாலாக வகுத்து வைத்தார்கள். உள்ளுக்குச் சாப்பிடச் சாறு, குடிநீர், கற்கம், சூரணம், வடகம், மணப்பாகு, நெய், இளகம், மாத்திரை, மெழுகு, செந்தூரம், பற்பம், சுண்ணம். வெளியே பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, புகை, மை, களிம்பு, மூக்கில் விட நசியம், கண்ணுக்குக் கலிக்கம். பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனால் கல்யாண ஜவுளிப் பட்டியல் மாதிரி நீளும். இந்த வரிசையில் என்னை மயக்குவது ஆயுள் கணக்கு. இடித்துப் பிழிந்த சாறுக்கும் காய்ச்சிய குடிநீருக்கும் ஆயுள் மூன்று மணி நேரம். சூரணத்துக்கு மூன்று மாதம். பற்பத்துக்கு நூறு வருஷம். பாட்டிலின் அடியில் பொடி எழுத்தில் தேதி அச்சடிப்பதற்கு முன்பே, உருவத்தைப் பார்த்தாலே ஆயுள் தெரிகிற ஏற்பாடு இது. அதற்கு மேல் அனுபானம் என்று ஒன்று. அதே பொடியைத் தேனில் குழைத்தால் ஒன்றுக்கு, இஞ்சிச் சாறில் குழைத்தால் வேறொன்றுக்கு. ஆனால் அங்கேயும் அளந்தது வைத்தியரின் விரல்தான். சிட்டிகை, குன்றிமணி, வெருகடி. வெருகடி என்றால் பூனையின் பாதம் பதியும் அளவு. ஐந்து விரல் நுனியும் சேர்த்து அள்ளுவது. வைத்தியருக்கு விரல் பருமனா ஒல்லியா என்பதைப் பொறுத்து உங்கள் அதிர்ஷ்டம்.

மேல் நாட்டிலும் அப்படித்தான் இருந்தது. தேனிலும் ரொட்டி மாவிலும் பிசைந்த உருண்டைகளைப் பற்றி, கிறிஸ்து பிறப்பதற்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய எகிப்தியச் சுவடியிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு மூவாயிரம் வருஷத்துக்கு மேலாக மருந்துருண்டை, கையால் உருட்டிய உருண்டையாகவே இருந்துவந்தது. பணக்காரர்கள் கசப்புத் தெரியாமலிருக்கத் தங்க ரேக்கும் வெள்ளி ரேக்கும் ஒட்டிக்கொண்டார்கள். தங்கமோ வயிற்றில் கரையாது. மருந்து போன வழியே முழுசாக வெளியேறிப் போவதும் உண்டு. ஏழைகளுடைய மாத்திரை அரிசி மாவில் புரண்டு கரைந்து வேலை செய்தது. செல்வம் சில சமயம் இப்படியும் கைவிடும்.

கசப்பை மறைக்க இன்னொரு வழி கண்டவன், பாரிஸில் பார்மஸி படித்துக்கொண்டிருந்த மோத் என்னும் மாணவன். அப்போது கொபைபா என்று ஒரு பிசின் எண்ணெய், வெளியில் சொல்ல வெட்கப்படுகிற வியாதிக்காகக் கொடுக்கப்பட்டு வந்தது. அதன் நாற்றத்துக்கும் ருசிக்கும் பயந்து நோயாளிகள் வியாதியே மேல் என்று இருந்துவிடுவார்களாம். மோத் ஒரு சின்னத் தோல் பையில் பாதரசத்தை நிரப்பி, அதை உருகிய ஜெலட்டினில் முக்கி எடுத்தான். ஆறியதும் பாதரசத்தைக் கவிழ்த்துவிட்டால் பை சுருங்கிக் கழன்றுவிடும். ஜெலட்டின் கூடு நிற்கும். எண்ணெயை ஊற்றி வாயை அடைக்க வேண்டியதுதான். டுப்ளான் என்பவரோடு சேர்ந்து 1834-இல் இதற்கு உரிமை பதிந்துகொண்டான். இன்று நாம் விழுங்குகிற காப்ஸ்யூலின் பூர்வோத்தரம் இது. ஒன்றுக்குள் ஒன்று சொருகுகிற இரண்டு மூடிக் காப்ஸ்யூல் 1846-இல், லெஹுபி என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தது.

வில்லை மாத்திரையின் பிறப்புக்கும் வைத்தியத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றால் நம்புவீர்களா? இங்கிலாந்தில் வில்லியம் பிராக்கடன் என்று ஒரு சித்திரக்காரர். ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களை ஏறி இறங்கிப் படம் எழுதியவர். அவருக்கு நல்ல பென்சில் வேண்டியிருந்தது. பென்சிலுக்குப் பேர்போன பாரோடேல் சுரங்கத்துக் காரீயம் தீர்ந்துகொண்டு வந்தது. உதிர்ந்து வீணாகும் காரீயத் தூளை ஒரு அச்சில் இட்டு இறுக்கி அமுக்கினால் கட்டியாகுமல்லவா என்று யோசித்தார். கட்டியாயிற்று. பென்சில் தூள் கட்டியானால் மருந்துத் தூளும் கட்டியாக வேண்டியதுதானே? 1843-இல் அவர் பதிந்த உரிமையில் மாத்திரை, மிட்டாய் வில்லை, பென்சில் காரீயம் மூன்றும் ஒன்றாகவே இருக்கின்றன.

இந்த அச்சுதான் பெரிய திருப்பம். அதற்குமுன் ஒவ்வொரு உருண்டையையும் ஒரு மனிதன் உருட்டினான். பழைய கடிகாரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டோ, மனைவியோடு சண்டை போட்ட ஞாபகத்திலோ உருட்டினான். அச்சுக்கு ஞாபகம் இல்லை. ஒரு வில்லையைப் போலவே அடுத்த வில்லை. அளக்கும் வேலை கையிலிருந்து இயந்திரத்துக்குப் போயிற்று. லண்டனில் கடை வைத்த பரோஸ், வெல்கம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1884-இல் இந்த அமுக்கிய மருந்துக்கு 'டாப்ளாய்டு' என்று பெயர் சூட்டி, அதைத் தங்கள் சொத்தாகப் பதிவு செய்தார்கள். விஷயத்தைச் சுருக்கி அமுக்கித் தருகிற பத்திரிகைகளுக்கு அந்தப் பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. நான் எழுதிய சில பத்திரிகைகளுக்கும் அது பொருந்தும். அதிகம் சொன்னால் வம்பு.

ஊசியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. எடின்பரோவில் அலெக்ஸாண்டர் வுட் என்ற டாக்டர் 1853-இல் நரம்பு வலிக்காக மார்பியாவைத் தோலுக்கடியில் செலுத்தினார். அதே வருஷம் பிரான்சில் பிராவாஸ் என்பவரும் ஒரு பீச்சாங்குழல் செய்தார். அங்கே எப்படியோ, நம் ஊரில் ஊசி என்பது பக்தி விஷயம். "ஊசி போட்டாரா?" என்று கேட்டு, "இல்லை, மாத்திரைதான்" என்றால், "பின்னே என்ன டாக்டரு?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஸ்பிரிட் அடுப்பின் மேல் எவர்சில்வர் டப்பாவில் கண்ணாடி சிரிஞ்சு கொதிக்கும் கடகட சப்தமே பாதி ஜுரத்தை இறக்கிவிடும். நரம்புக்குள் போன மருந்தைத் திருப்பி வாங்க முடியாது என்பது யாருக்கும் ஞாபகம் வராது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஊசி மருந்தைப் பற்றி, அது உள்ளே போயிற்றா இல்லையா என்ற சந்தேகம் யாருக்கும் எழ முடியாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிரப்புக்குத் திரும்புகிறேன். 2025-இல் நடந்தது, ஏறக்குறைய அப்படியே 1937-இல் அமெரிக்காவில் நடந்தது. ஸல்பனிலமைடு என்ற புது மருந்து அப்போது தொண்டைப் புண்ணுக்குச் சஞ்சீவி. மாத்திரையாகவும் பொடியாகவும் நன்றாகவே விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் குழந்தைகளால் விழுங்க முடியவில்லை. தண்ணி மருந்தாக இருந்தால் தேவலை என்று ஜனங்கள் கேட்டார்கள். டென்னஸி ராஜ்யத்தில் மாஸெங்கில் என்ற கம்பெனியின் ரசாயன நிபுணர் பல திரவங்களைச் சோதித்து, டை எதிலீன் கிளைகாலில் மருந்து நன்றாகக் கரைவதைக் கண்டார். ராஸ்பெர்ரிப் பழ வாசனை சேர்த்தார். நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், ருசி பார்த்தார்கள். குடித்தால் என்ன ஆகும் என்று ஒரு எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. அன்றைய சட்டம் அப்படிப் பார்க்கச் சொல்லவும் இல்லை. 240 காலன் தயாரித்து நாடெங்கும் அனுப்பினார்கள். நூற்றைந்து பேர் செத்தார்கள். அவர்களில் முப்பத்து நாலு பேர் குழந்தைகள்.

அமெரிக்க சர்க்கார் தன் மருந்து இன்ஸ்பெக்டர்களில் அநேகமாக எல்லோரையும் அந்தப் பாட்டில்களின் பின்னால் துரத்திவிட்டது. ஆனால் எந்தச் சட்டத்தின் கீழ் பறிமுதல் செய்வது? விஷத்தை விற்பது அப்போது குற்றமல்ல! கடைசியில் கைகொடுத்தது ஒரு வார்த்தை. பாட்டிலின் மேல் 'எலிக்ஸர்' என்று போட்டிருந்தது. எலிக்ஸர் என்றால் சாராயச் சத்தில் கரைத்த மருந்து என்று இலக்கணம். இதில் சாராயம் ஒரு துளி இல்லை. ஆகவே பெயர்ப் பிழை! மருந்தின் உருவத்துக்குத் தப்பான பெயர் போட்ட குற்றத்துக்காகத்தான் அத்தனை பாட்டில்களையும் பிடித்தார்கள். 'கரைசல்' என்று போட்டிருந்தால் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எழுத்துப் பிழையைப் பற்றி அச்சகத்தாரோடு சண்டை போடுகிற நான், ஒரு பெயர்ப் பிழை இத்தனை உயிரைக் காப்பாற்றியதை எண்ணி வியந்துபோனேன். மறு வருஷம், 1938-இல், விற்பதற்குமுன் தீங்கில்லை என்று காட்டியாக வேண்டும் என்னும் சட்டம் அங்கே பிறந்தது.

நமக்கும் 1940-இலிருந்து மருந்துச் சட்டம் இருக்கிறது. இருந்தும், 1970-களின் தொடக்கத்தில் சென்னையிலேயே பதினான்கு குழந்தைகள் இதே விஷத்துக்குப் பலியானார்கள். 1986-இல் பம்பாயில் பதினான்கு பேர். 2022-இல் காம்பியா தேசத்தில் எழுபது குழந்தைகள் வரையில் இறந்தபோது, இந்தியாவில் தயாரான சிரப்புகளை உலக சுகாதார நிறுவனம் சுட்டிக்காட்டியது. 1937-இல் அது அறியாமை. இன்றைக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. சிரப்பில் சேர்க்க வேண்டிய நல்ல திரவமும் இந்த விஷமும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். இரண்டும் தித்திக்கும். பெயின்டுக்கும் மோட்டாருக்கும் போகிற மட்டச் சரக்கு விலை மலிவு. பீப்பாயைத் திறந்ததும் ஒரு சோதனை செய்து பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ஒரு சோதனையைச் செய்யாத சோம்பலும் பேராசையும், ஸ்பூனால் அளந்து ஊட்டிய தாயின் கையையே எமன் கையாக்கிவிடுகின்றன. அந்தத் தாய் ஐந்து மில்லி என்றால் ஐந்து மில்லிதான் கொடுத்திருப்பாள். அவள் அளவில் ஒரு பிசகும் இல்லை.

அளப்பவன் பிசகினால் இப்படி. அளந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டவன் விழுங்காவிட்டால்?

இதற்கு என் தாத்தா கதையைச் சொல்ல வேண்டும். நான் அவரைப் பார்த்ததில்லை. ஜவுளிக் கடையில் கணக்குப் பிள்ளை. 1966-இல் அவருக்கு க்ஷயம் கண்டது. முதலில் சில மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. தினமும் நடந்து போய்ப் போட்டுக்கொண்டு வருவார். ஊசி நின்று மாத்திரை ஆரம்பித்தது. இருமல் குறைந்துவிட்டது, உடம்பும் தேறிவிட்டது. ஆனால் மாத்திரை வருஷக் கணக்கில் சாப்பிட வேண்டும் என்றார்கள். "மருந்தும் விருந்தும் மூணு நாள்னு சும்மாவா சொன்னான்?" என்று தாத்தா சிரிப்பாராம். ஆச்சி வேளை தவறாமல் மாத்திரையும் வெந்நீரும் கொண்டுபோய்க் கையில் கொடுப்பாள். மாமனார், மாமியார் நடமாடுகிற வீடு. புருஷன் விழுங்குகிறானா என்று நின்று பார்க்கிற வழக்கமா அந்தக் காலத்தில்? கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். 1969-இல் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கடைக்காரர் கணக்குப் பெட்டியை வீட்டுக்கு அனுப்பினார். உள்ளே நோட்டுப் புத்தகங்களுக்கு அடியில் ஒரு ஓவல்டின் டப்பா. திறந்தால் கழுத்து மட்டும் மாத்திரை.

ஆச்சி இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். "அந்த மருந்து வயித்தைப் புரட்டும்னு அவுக சொல்லவே இல்லையே, ஐயா. சொல்லியிருந்தா மோரிலே கலந்தாவது குடுத்திருப்பேனே" என்றாள். கணக்குப் பிள்ளை அல்லவா? டப்பாவில் எண்ணிப் போட்டிருப்பார் என்றுகூட எனக்கு நினைப்பு வரும்.

தாத்தா ஒருவர் செய்த தந்திரம் என்றே வெகு காலம் எண்ணியிருந்தேன். பிற்பாடுதான் தெரிந்தது, அவர் படுப்பதற்குச் சில வருஷம் முன்பே சென்னைச் சேத்துப்பட்டில் இதை உலகத்துக்கே நிரூபித்துவிட்டார்கள் என்பது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னை சர்க்காரும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து க்ஷய சிகிச்சை நிலையம் ஒன்றை அங்கே தொடங்கின. அதற்கு முந்தி க்ஷயம் என்றால் சானடோரியம்தான். மலைக் காற்று, பால், முட்டை, ஓய்வு. நான் தினம் ரெயிலேறும் ஸ்டேஷனுக்கே தாம்பரம் சானடோரியம் என்றுதான் பெயர். நாட்டில் லட்சக் கணக்கில் நோயாளிகள். எத்தனை சானடோரியம் கட்டுவது? ஆகையால் சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் தங்கள் குடிசையிலேயே இருந்துகொண்டு அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். ஐசோனியாஸிட் கொஞ்சம், பி.ஏ.எஸ். என்ற இன்னொன்று நாளைக்குப் பத்துக் கிராமை ஒட்டி. வயிற்றைப் புரட்டுவதற்குக் கேட்பானேன்? ஒரு வருஷ முடிவில் பார்த்தால், கஞ்சி குடித்துக்கொண்டு குடிசையில் கிடந்தவர்களும் சானடோரியத்தில் பாலும் முட்டையும் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய சமமாகவே குணமடைந்திருந்தார்கள். 1959-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களுக்குப் பூட்டுப் போட்டது.

ஆனால் அதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அந்த நிலையத்தார் நோயாளிகளின் வீட்டுக்கு முன்னறிவிப்பில்லாமல் போய் நிற்பார்கள். மீதி மருந்தை எண்ணுவார்கள். சிறுநீரை வாங்கிச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கும். சிறுநீர் வேறு கதை சொல்லும். அங்கே வேலை பார்த்த வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர், நோயாளி தானே மருந்து சாப்பிடுவதில் உள்ள சிக்கலைப் பற்றி 1958-லேயே ஒரு கட்டுரை எழுதினார். மருந்தை வாங்கிக்கொள்வது வேறு, விழுங்குவது வேறு! அதற்குப் பரிகாரமாக, வாரத்துக்கு இரண்டே நாள், நிலையத்துக்கு வரவழைத்து, ஊசியையும் போட்டு, மாத்திரையையும் கண் முன்னாலேயே விழுங்கச் செய்து பார்த்தார்கள். 1964-இல் அந்த முடிவும் வெளிவந்தது, நன்றாகவே பலித்தது. 1990-களில் உலகம் முழுவதும் 'டாட்ஸ்' என்ற பெயரில் பரவிய முறைக்கு வித்து இதுதான். தாத்தா ஊசியை ஏன் தவறவிடவில்லை, மாத்திரையை ஏன் டப்பாவில் போட்டார் என்பதற்கும் இதில் பதில் இருந்தது. ஊசி போடும்போது எதிரே ஒரு ஆள் இருந்தான்.

சேத்துப்பட்டுக்கும் எங்கள் ஊருக்கும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பாடம் அங்கே வந்து சேரச் சுமார் முப்பது வருஷம் ஆயிற்று.

இந்த மாதம் என் பெண்ணுக்கு மறுபடியும் ஜுரம். டாக்டரிடம் என் மனைவி, "சிரப் வேண்டாம் டாக்டர், மாத்திரையாகவே கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தாள். நடுவில் கோடு போட்ட வெள்ளை வில்லை. கோட்டில் உடைத்தால் சரி பாதி ஆகும் என்பதற்காகவே அந்தக் கோடு. (கோடு இல்லாததையும், மெள்ள மெள்ளக் கரையும்படி செய்ததையும் உடைக்கக் கூடாது. எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர், இருபத்து நாலு மணி நேரத்துக்கென்று கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையைத் தொண்டையில் சிக்குகிறதென்று அம்மியில் பொடித்துச் சாப்பிட்டுவிட்டு, மயங்கி விழுந்து எங்களையெல்லாம் கலக்கிவிட்டார்.) பாதியை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தேன். ஒரு டம்ளர் தண்ணீரையும் குடித்தாள்.

"முழுங்கிட்டியா?"

"ம்."

"எங்கே, ஆ காட்டு."

பெரிதாக ஆ காட்டினாள். ஒன்றுமில்லை. போகத் திரும்பினேன். என்னவோ தோன்றி, "நாக்கைத் தூக்கு" என்றேன். தூக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.